மாட்டு வயிற்றுக்கு மனிதக் கணக்கு: பாலூட்டிகள் பற்றி நாம் விடும் பிழைகள்

மனிதனும் பாலூட்டிதான். மற்றப் பாலூட்டிகளைப் பற்றி நாம் இத்தனை பிழை விடுவதற்கு அதுவே முதற்காரணம். பாம்பைப் பற்றியோ நண்டைப் பற்றியோ தெரியாவிட்டால், தெரியாது என்று ஒதுங்கிக்கொள்வோம். மாடு, பூனை, நாய் என்று வந்தால் ஒதுங்குவதில்லை. அவற்றுக்கும் வயிறு உண்டு, காய்ச்சல் உண்டு, பிள்ளைப்பேறு உண்டு. ஆகவே நம் உடம்பில் நடப்பதே அங்கும் நடக்கும் என்று முடிவுகட்டி, வைத்தியமும் தொடங்கிவிடுகிறோம். யாழ்ப்பாணத்து வளவுகளில் இந்த முடிவுகளால் கன்றுகள் சாகின்றன, பூனைகள் கண்ணிழக்கின்றன, சில வேளைகளில் மனிதரும் சாகிறார்கள். ஆபத்தில்லாத பிழைகளும் இருக்கின்றன. அவற்றை விரைவாகக் கடந்துவிடலாம்.

முதலாவது, எது பாலூட்டி என்பது. குட்டி போடுவதெல்லாம் பாலூட்டி, முட்டையிடுவது பாலூட்டியல்ல என்று பள்ளிப் பிள்ளைகள் எழுதுகிறார்கள். புடையன் பாம்பு குட்டி போடும். பல சுறாக்களும் குட்டி போடும். அவுஸ்திரேலியா, நியூகினிப் பக்கம் வாழும் பிளாற்றிபசும் எக்கிட்னாக்களும் முட்டையிட்டுப் பால் கொடுக்கும். இன்று எஞ்சியிருக்கும் இந்த வகைகள் மொத்தம் ஐந்தே ஐந்து. பால், உடலில் மயிர், நடுச்செவியில் மூன்று சிற்றெலும்புகள், இவையே உறுதியான அடையாளங்கள். திமிங்கிலத்துக்கு மயிர் எங்கே என்று கேட்கக்கூடாது. பல இனங்களில் வாயோரத்தில் சில மயிர்களாவது, பிறக்குமுன் என்றாலும், முளைத்திருக்கும்.

கடும்பும் இளங்கொடியும்

மாடு கன்று ஈன்றதும் நம்மூரில் இரண்டு காரியங்களில் மிகுந்த கவனம் காட்டுவார்கள். இளங்கொடி, அதாவது நஞ்சுக்கொடி, எப்போது விழும் என்று காவல் இருப்பது ஒன்று. விழுந்ததும் அதைச் சாக்கிலோ ஓலைப்பையிலோ கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவது மற்றது. பால் வடியும் மரத்தில் தொங்கவிட்டால் மாடும் நிறையப் பால் கறக்கும் என்பது நம்பிக்கை. மரத்துக்கும் மடிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும் அந்தப் பழக்கத்தால் கெடுதி எதுவும் வருவதில்லை. நாய்கள் இழுத்துத் திரியாமலும், மாடே அதைத் தின்று தொண்டையில் சிக்கிக்கொள்ளாமலும் காக்கிறது என்ற அளவில் நன்மைதான். இதைப் பற்றி நான் யாரோடும் சண்டைபோட மாட்டேன்.

சண்டைபோட வேண்டியது வேறொன்றுக்காக. இளங்கொடி விழும்வரை கன்றை முலையில் விடக்கூடாது என்று சிலர் கட்டிவைக்கிறார்கள். ஈன்றதும் முதலில் சுரக்கும் கடும்புப் பால் கனமானது, கன்றுக்குக் கழியும் என்று சொல்லி அதைக் கறந்து எடுத்துவிடுபவர்களும் உண்டு. மனிதக் குழந்தையை மனத்தில் வைத்துக்கொண்டு செய்யும் பிழை இது. கருவிலிருக்கும் மனிதக் குழந்தைக்குத் தாயின் நோயெதிர்ப்புப் புரதங்கள் நஞ்சுக்கொடி வழியாகவே போய்ச் சேர்கின்றன. பிறந்த குழந்தை ஓரளவு ஆயுதத்தோடுதான் வருகிறது. மாட்டின் நஞ்சுக்கொடி அமைப்பு வேறு. தாயின் இரத்தத்துக்கும் கன்றின் இரத்தத்துக்கும் இடையே அதில் அதிகப் படலங்கள் இருப்பதால் அந்தப் பெரிய புரதங்கள் கடந்துபோக முடியாது. ஆகவே கன்று ஏறக்குறைய வெறுங்கையோடு பிறக்கிறது. அதற்குக் கிடைக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி முழுவதும் கடும்பில் இருக்கிறது.

அதற்கும் ஒரு கெடு உண்டு. பிறந்த கன்றின் குடற்சுவர் அந்தப் புரதங்களை உடைக்காமல் முழுதாக இரத்தத்துக்குள் விடும்; ஆனால் மணிக்கு மணி அந்த வழி சுருங்கி, ஒரு நாள் ஆவதற்குள் மூடிவிடும். முதல் ஆறு மணிநேரத்துக்குள், கன்றின் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கடும்பு உள்ளே போக வேண்டும் என்று மிருக வைத்தியர்கள் சொல்வது இதனால்தான். மறுநாள் ஒரு வாளி கொடுத்தாலும் அது உணவாகும், காவலாகாது. இரண்டாம் மூன்றாம் வாரத்தில் கழிச்சலில் செத்துப்போகும் கன்றுக்குக் கண்ணூறு என்று காரணம் சொல்பவர்கள், முதல்நாள் என்ன குடித்தது என்று ஒரு தடவை எண்ணிப்பார்க்கலாம்.

கன்று முலையைச் சப்பும்போது தாயின் உடலில் ஒக்சிற்றோசின் என்ற ஓமோன் சுரக்கிறது. அது மடியில் பாலை இறக்குவதோடு கருப்பையையும் சுருங்கவைக்கிறது. அதாவது, கன்றை விட்டால் இளங்கொடி விழத் துணையாகும். கட்டிவைத்தால் அந்தத் துணையும் போகும். பொதுவாகப் பன்னிரண்டு மணிநேரத்துக்குள் விழுந்துவிடும். ஒரு நாள் கடந்தும் தொங்கிக்கொண்டிருந்தால் மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள். கையால் இழுப்பதும், கல்லைக் கட்டித் தொங்கவிடுவதும் கருப்பையைக் கிழித்துவிடும். உள்ளே அறுந்து தங்கும் துண்டு அழுகி மாட்டையே கொல்லும்.

பட்டிப் பொங்கலும் அன்னதானச் சோறும்

மாட்டுக்கு நான்கு வயிறு என்பது பழைய பேச்சு. ஒரே இரைப்பைதான், நான்கு அறைகள். இந்தத் திருத்தத்தால் யாருக்கும் லாபமில்லை, நட்டமுமில்லை. முதல் அறை என்ன வேலை செய்கிறது என்பதுதான் முக்கியம். வளர்ந்த மாட்டில் அது நூறு லீற்றருக்கு மேல் கொள்ளும். வயிற்றின் இடப்பக்கம் முழுவதும் அதுதான். புல்லைச் செரிக்கும் நொதி மாட்டிடம் இல்லை. அந்த அறையில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்கள் புல்லையும் குழையையும் வைக்கோலையும் நொதிக்கவைத்து அமிலங்களாக மாற்றுகின்றன. மாடு அந்த அமிலங்களை உறிஞ்சிச் சக்தி பெறுகிறது. பிறகு அந்த நுண்ணுயிர்களே அடுத்த அறைகளுக்குப் போய்ச் செரிக்கப்பட்டு மாட்டுக்குப் புரதமாகின்றன. நாம் மாட்டுக்குத் தீன் போடுவதாக எண்ணுகிறோம். உண்மையில் முதலில் உண்பது அவைதான்.

இப்போது கலியாண வீட்டில் மிஞ்சிய இரண்டு வாளிச் சோற்றையும் பாயசத்தையும் கொண்டுபோய் மாட்டுக்கு ஊற்றுகிறோம். வீணாக்கக்கூடாது என்ற நல்ல எண்ணம். சோறு நமக்கு நல்லது, மாட்டுக்கு அதைவிட நல்லதாக இருக்கும் என்ற கணக்கு. நடப்பது இது: மாச்சத்து திடீரென்று குவிந்ததும் அதைத் தின்னும் வேறு நுண்ணுயிர்கள் பெருகி லற்றிக் அமிலத்தைக் கொட்டுகின்றன. முதல் அறை புளித்துப்போகிறது. நார் செரிக்கும் நுண்ணுயிர்கள் சாகின்றன. அமிலம் இரத்தத்துக்கும் ஏறுகிறது. மாடு அசைபோடுவதை நிறுத்தும், இடப்பக்க வயிறு உப்பும், புளித்த நாற்றத்தோடு கழியும், படுத்துவிடும். ஓரிரு நாட்களில் செத்தும் போகலாம். ஆட்டுக்கு இன்னும் குறைந்த அளவே போதும். திருவிழா முடிந்த மறுநாள் கோயில் வீதியில் திரியும் ஆடுகள் படுத்துக்கிடந்தால், யாரோ நஞ்சு வைத்துவிட்டார்கள் என்று சந்தேகப்படுவதற்கு முன், மடத்தில் மிஞ்சிய சோறு எங்கே போனது என்று கேளுங்கள்.

பட்டிப் பொங்கலன்று ஒரு கைப்பிடி புக்கையை மாட்டுக்குத் தீற்றுவதில் பயமில்லை. வழமையாகத் தவிடும் புண்ணாக்கும் தின்னும் மாட்டுக்கும், தீனை மாற்றுவதென்றால் இரண்டு மூன்று வாரம் எடுத்து மெல்ல மெல்ல மாற்ற வேண்டும். உள்ளே இருக்கும் கூட்டம் மாற அவ்வளவு காலம் பிடிக்கும். மாரியில் புல் தழைத்ததும், கோடை முழுவதும் வைக்கோல் தின்ற மாட்டை ஒரே நாளில் இளம்புல்லில் விடுவதும் இதே வகைப் பிழை.

புல் தின்பதெல்லாம் அசைபோடும் என்று நினைத்துவிடாதீர்கள். நெடுந்தீவுக் குதிரைகள் அசைபோடுவதில்லை. குதிரைக்கு இரைப்பை சிறியது, ஓர் அறைதான். நொதித்தல் பின்குடலில் நடக்கிறது. குறிகட்டுவானில் படகேறிப் போகிறவர்களில் சிலர் கையில் உள்ள பாணையும் பிஸ்கட்டையும் குதிரைக்கு நீட்டிப் படம் எடுக்கிறார்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. இரைப்பையின் வாயிலிலுள்ள தசை அவ்வளவு இறுக்கமானது. ஒவ்வாதது உள்ளே போனால் வெளியே வர வழியில்லை. மாச்சத்து அதிகமானால் கடும் வயிற்றுவலியும், குளம்புக்குள் அழற்சி வந்து நடக்க முடியாத நிலையும் ஏற்படும். இன்னொன்று: அவை காட்டுக் குதிரை இனமல்ல. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் கொண்டுவரப்பட்ட வளர்ப்புக் குதிரைகளின் வழித்தோன்றல்கள், கட்டவிழ்ந்து தலைமுறை தலைமுறையாக அங்கேயே பெருகியவை. காட்டு விலங்கு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று கோடையில் அவற்றின் தண்ணீரை மறந்துவிடுவதற்கு அந்தப் பெயர் ஒரு சாட்டாகிவிடுகிறது.

சைவ வீட்டுப் பூனை

யாழ்ப்பாணத்தில் மச்சம் புழங்காத வீடுகள் ஏராளம். அந்த வீடுகளில் பூனையும் சோறு, பால், பருப்பு என்று வளரும். நாய் இதைத் தாங்கும். மனிதனோடு நெடுங்காலம் வாழ்ந்ததில், மாச்சத்தைச் செரிக்கும் மரபணுவின் பிரதிகள் ஓநாயைவிட நாய்க்கு அதிகமாகியிருக்கின்றன. பூனை அப்படி மாறவில்லை. ரோறீன் என்ற பொருளைப் பூனையின் உடல் தேவையான அளவு செய்யாது. இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும்தான் அது வர வேண்டும். கரற்றிலும் கீரையிலும் உள்ள மஞ்சட்பொருளை உயிர்ச்சத்து ஏயாக மாற்றவும் பூனைக்கு இயலாது. ரோறீன் குறைந்தால் விழித்திரை மெல்ல அழியும், இதயம் வீங்கித் தளரும். வீட்டுப் பூனை நன்றாகத்தான் இருக்கிறது என்கிறீர்களா? பல்லியும் எலியும் வெளியே கிடைப்பதால் அது பிழைத்திருக்கிறது. அடைத்து வளர்ப்பதென்றால் மீன் வேண்டும். கொள்கை உங்களுடையது, பூனையின் ஈரல் அதில் கையெழுத்திடவில்லை.

பாலும் ஒரு பெரிய மயக்கம். குட்டிப் பருவம் கடந்ததும் பாலின் வெல்லத்தை உடைக்கும் நொதி குறைந்துபோவது பாலூட்டிகளின் பொது இயல்பு. வளர்ந்த பின்னும் பாலைச் செரிக்கும் சில மனிதக் கூட்டங்கள்தான் விதிவிலக்கு. உலகின் பெரும்பாலான வளர்ந்தவர்களுக்கும் அது முழுதாக ஒத்துக்கொள்வதில்லை. மரத்திலிருந்து விழுந்த அணில் குட்டிக்கும் தாயிழந்த பூனைக்குட்டிக்கும் பசுப்பால் புகட்டிக் கழியவிட்டுக் கொல்வது வழக்கமாக நடக்கிறது. ஒவ்வொரு இனத்தின் பாலும் கொழுப்பிலும் புரதத்திலும் வெல்லத்திலும் வேறுவேறு. குட்டிக்கு முதலில் வேண்டியது சூடு. குளிர்ந்த குட்டியின் குடல் எதையும் செரிக்காது. சூடாக்கிய பின் மிருக வைத்தியரிடம் பூனைக்குட்டிக்கான பால்மா கேட்டு வாங்குங்கள்.

காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பனடோலைப் பூனைக்குக் கொடுக்கவே கூடாது. பரசிட்டமோலை முறித்து வெளியேற்றும் ஈரல் வழி பூனைக்கு மிகப் பலவீனம். ஒரு குளிசையே உயிரை எடுக்கும். பிள்ளைக்கு அரைக் குளிசை என்றால் பூனைக்குக் கால் குளிசை என்ற கணக்கு எடையை மட்டும் பார்க்கிறது.

வௌவால், கீரி, மூஞ்சூறு

வௌவால் வாயால் கழிக்கும் என்பதை நம்பாத பிள்ளையை நான் இங்கே கண்டதில்லை. பழந்தின்னி வௌவால் பழத்தை மென்று சாற்றை விழுங்கிவிட்டுச் சக்கையைத் துப்பும்; கீழே நின்று பார்ப்பவர் கண்டது அதைத்தான். கழிக்கும்போது பெருவிரல் நகங்களால் கிளையைப் பற்றித் தலைநிமிர்ந்து தொங்கிக்கொள்ளும். அதற்குக் கண் தெரியாது என்பதும் பிழை. ஊரில் பெரிய மரங்களில் தொங்கும் இந்த வகை, ஒலி எழுப்பி எதிரொலி கேட்டு வழி தேடுவதே இல்லை. கண்ணாலும் மூக்காலுமே பழத்தைத் தேடுகிறது. பாழ்வீடுகளில் அடையும் சிறிய பூச்சித்தின்னிகள்தான் எதிரொலியை நம்புபவை. ஆண்டுக்கு ஒரு குட்டிதான் ஈனும். ஆகையால் மரத்தோடு கூட்டத்தைக் கலைத்தால் மீண்டும் பெருகப் பல ஆண்டு எடுக்கும். இலுப்பை விதைகளைத் தூரத்துக்குக் கொண்டுபோய்ப் போடுவதும் இவைதான்.

வௌவால் கடித்த பழத்தை வெட்டித் தின்பதையும், பனையில் திறந்த முட்டியில் வடிந்த சாற்றை அப்படியே குடிப்பதையும் விட்டுவிடுங்கள். வங்காளதேசத்தில் நிபா வைரஸ் மனிதருக்குப் பரவிய முக்கிய வழி, வௌவால் வாய்வைத்த பச்சை ஈச்சஞ்சாறு. முட்டியின் வாயை மூடிக் கட்டினால் காரியம் முடிந்தது.

கீரி ஏதோ மூலிகை தின்றுவிட்டுப் பாம்போடு சண்டைக்குப் போகிறது என்பது கதை. நாகத்தின் நஞ்சு தசையில் போய் ஒட்டும் ஏற்பி கீரிக்குச் சற்றே உருமாறியிருப்பதால் நஞ்சு சரியாக ஒட்டாது. மற்றபடி வேகமும் சிலிர்த்த மயிரும் காக்கின்றன. புடையன் நஞ்சு இரத்தத்தைத் தாக்கும் வேறு வகை. அங்கே இந்த உருமாற்றம் கைகொடுக்காது.

மூஞ்சூறு எலியல்ல, எலிப்பொறியும் எலிமருந்தும் அதற்கு வேண்டியதில்லை. நாற்றம் பிடிக்காது என்றால் சரி, ஆனால் கரப்பானைத் தின்பது அதுதான்.

கரையில் ஒதுங்குபவை

கரையில் ஏதாவது பெரிதாக ஒதுங்கினால் உடனே திமிங்கிலம் என்கிறார்கள். வாலைப் பாருங்கள். வால் கிடையாக இருந்தால் பாலூட்டி. நெட்டுக்கு நின்று, கழுத்தருகே செவுள் வெடிப்புகளும் இருந்தால் அது திமிங்கிலச் சுறா, மீன். உயிரோடு ஒதுங்கிய ஓங்கிலுக்கு (டொல்பினுக்கு) நல்லது செய்கிறோம் என்று தலையில் தண்ணீர் ஊற்றும்போது உச்சியிலுள்ள மூக்குத் துளைக்குள் விட்டுவிடாதீர்கள்; அது நுரையீரலால் மூச்சுவிடுகிறது, நேராக உள்ளே போகும். வாலைப் பிடித்து இழுப்பதும் முதுகெலும்பைப் பெயர்க்கும். ஈரச்சாக்கால் மூடி, துளையைத் திறந்துவிட்டு, நிழல் செய்து, வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

கடற்பன்றி, கடற்பசு, ஆவுளியா என்று பலவாறு அழைக்கப்படும் விலங்கு பன்றியுமல்ல, பசுவுமல்ல. உயிரோடிருக்கும் உறவினரில் யானை நெருக்கமானது. பாக்கு நீரிணையின் கடற்புல்லை மேய்ந்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு வாங்கும். வலையில் சிக்கினால் மீனைப்போல் தத்தளிப்பதில்லை, மூழ்கிச் சாகும். கரு ஓராண்டுக்கும் மேல். மூன்று முதல் ஏழு ஆண்டுக்கு ஒரு குட்டி. இந்தக் கணக்கில் இறைச்சிக்காகக் கொல்லும் ஒவ்வொன்றும் ஈடுசெய்ய முடியாத இழப்பு. பாக்கு நீரிணையின் தமிழ்நாட்டுப் பக்கத்தில் 2022இல் இதற்கெனவே ஒரு காப்பகம் அறிவிக்கப்பட்டது.

விசர்

நாய்க்கு விசர் (ரேபிஸ்) என்றால் தண்ணீரைக் கண்டு பயப்படும், ஆகவே தண்ணீர் குடிக்கும் நாய்க்கு விசரில்லை என்ற எண்ணம்தான் இந்தக் கட்டுரையிலேயே ஆபத்தானது. தண்ணீருக்கு அஞ்சுவது மனித நோயாளியின் அறிகுறி. விசர் பிடித்த நாய் தண்ணீருக்குள் நடந்துபோகும், குடிக்கவும் முயலும். எல்லா நாயும் வெறிகொண்டு ஓடுவதுமில்லை. சில மூலையில் ஒடுங்கி, தாடை தொங்கி, எச்சில் வடிய முடங்கிக்கிடக்கும். பாவம், தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டது என்று வாய்க்குள் கைவிட்டவர்கள் இருக்கிறார்கள். மாட்டிலும் இதுவே நடக்கும்: கரகரத்த குரலில் கத்தும், எச்சில் ஒழுகும், விழுங்காது. மாங்காயோ தேங்காய்ச் சொட்டோ அடைத்துவிட்டது என்று கையை உள்ளே விடாதீர்கள். அந்த மாட்டின் பாலையும் பச்சையாகக் குடிக்காதீர்கள். ஏற்கெனவே காய்ச்சிக் குடித்தவர்கள் பதற வேண்டியதில்லை, கொதிக்கவைத்தால் வைரஸ் அழிந்துவிடும்.

எல்லாப் பாலூட்டிகளுக்கும் விசர் வரலாம், பாலூட்டிகளுக்கு மட்டுமே வரும். கோழி கொத்தினாலும் பல்லி கடித்தாலும் இந்தப் பயம் வேண்டாம். கீரி, மரநாய், குரங்கு கடித்தால் வேண்டும். வௌவாலைக் கையால் எடுத்தாலும் வேண்டும். பேராதனைக்கு அருகே கன்னொறுவையில் பழந்தின்னி வௌவால்களிடம் விசர் வைரஸின் நெருங்கிய உறவான ஒரு புதிய வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டு, அந்த ஊரின் பெயரையே பெற்றது.

கடித்தால் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும், கால் மணிநேரம். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, கோப்பித்தூள் எதுவும் வேண்டாம். அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். வைரஸ் இரத்தத்தில் சுற்றுவதில்லை, நரம்பு வழியே மெதுவாக மூளைக்கு ஊர்கிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் எடுக்கும். ஊசி வேலை செய்வது அந்த இடைவெளியில்தான். அறிகுறி தொடங்கிய பின் அநேகமாக எவரும் பிழைப்பதில்லை. கடித்தது சொந்த வீட்டு நாய், மூன்று மாதக் குட்டி, வெறும் கீறல், இந்த மூன்று சமாதானங்களையும் வைத்தியரிடமே சொல்லி, அவர் முடிவெடுக்கட்டும். கடித்த விலங்கைப் பத்து நாள் பார்த்திருப்பது என்ற விதி நாய்க்கும் பூனைக்கும் மட்டும் உரியது. அதுவும் ஊசியைத் தொடங்கிவிட்டுப் பார்த்திருப்பது.

எலியும் அணிலும் கடித்து விசர் பரவுவது மிக அரிது. எலியிடம் அஞ்ச வேண்டியது அதன் சிறுநீருக்கு. 2024 நவம்பர் வெள்ளத்துக்குப் பின், டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் உயிர்களை எடுத்த காய்ச்சல் எலிக்காய்ச்சல் என்று உறுதியானபோது, எங்கள் வீட்டில் எலி இல்லையே என்றுதான் பலர் சொன்னார்கள். மாடும் நாயும்கூட அந்தக் கிருமியைச் சிறுநீரில் விடும். வெள்ளம் நின்ற வயலிலும் கட்டுத்தறிச் சேற்றிலும் காலில் ஒரு சிறு வெடிப்போடு நின்றாலே போதும், உள்ளே போய்விடும். மாரியில் வயலில் இறங்குபவர்கள் அதற்கு முன்பே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தடுப்பு மாத்திரை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இறங்கிய பிறகு காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் கண்சிவப்பும் வந்தால், வயலில் நின்ற விபரத்தை வைத்தியர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.